பாப்பாவைப் படம் பிடிக்கலாமா?

"குழந்தைக்கு எட்டு மாசமாகிறது, அக்கா. என் வீட்டுக்காரருக்குப் போட்டோ பிடிப்பதென்றால் உயிர். ஸ்டூடியோவில் இருக்கிற மாதிரி குடை வைத்த லைட்டு ஒன்று வாங்கி வந்து ஹாலில் நிறுத்திவிட்டார். 'பளிச்சுனு அடிச்சா புள்ளைக்குக் கண்ணு போயிடும்'னு மாமியார் சண்டை. நான் யார் பக்கம் பேசுவது?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

அடி அம்மா! தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்களே! ஆனால் இது பல வீடுகளில் நடக்கிற சண்டைதான். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாமியாருக்கு ஆறுதல். போட்டோவுக்காக அடிக்கும் பிளாஷ் வெளிச்சம் குழந்தையின் கண்ணைக் கெடுப்பதில்லை. குடை வழியாகப் பரவி வரும் வெளிச்சம் இன்னும் மென்மையானது. குழந்தை திடுக்கிட்டு அழலாம், அது வேறு விஷயம். அதற்காக வெறும் லைட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடிக்கக் கூடாது. குறை மாதத்தில் பிறந்த குழந்தை, கண்ணுக்கு வைத்தியம் நடக்கும் குழந்தை, வீட்டில் வலிப்பு வருபவர்கள் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இந்த லைட்டுக்கு ஸ்ட்ரோப் என்று பெயர். சாதாரண பல்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்காது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே வெட்டில் விட்டுவிடும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அவ்வளவுதான்! 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹெரால்ட் எட்ஜர்ட்டன் இந்த வகை வெளிச்சத்தால் வேகமாகச் சுழலும் யந்திரங்களை அசையாமல் நிற்பதுபோல் படம் பிடித்தார். ஒரு சொட்டுப் பால் விழுந்து கிரீடம் போலத் தெறிப்பதை 1957-ல் அவர் எடுத்த கலர் படம் உலகப் பிரசித்தம். தினமும் பால் காய்ச்சுகிற நாம் அந்தக் கிரீடத்தை என்றாவது பார்த்திருக்கிறோமா? கையையும் காலையும் உதறும் பாப்பா படத்தில் கலங்காமல் விழுவதும் இதனால்தான்.

சரி, எப்படி நிறுத்துவது?

பாயை விரித்துக் குழந்தையைச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்கார வையுங்கள். சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் பின்னால் கறுப்பாக நிழல் விழும். குழந்தைக்கு நேர் எதிரே கேமரா. கேமராவுக்கு ஒரு பக்கமாகச் சாய்வாக, குழந்தையிடமிருந்து மூன்று நான்கு அடி தூரத்தில் லைட்டு. அது குழந்தையின் தலையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்து கீழே பார்க்கட்டும். ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை என்றால் குடையின் முதுகுப்புறம் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். குடை கிட்டே வர வர வெளிச்சம் மென்மையாகும், தூரப் போகப் போக நிழல் கடுமையாகும்.

லைட்டு இல்லாத பக்கத்துக் கன்னம் இருட்டாக விழுமே? அதற்கு இன்னொரு லைட்டு வாங்கச் சொல்லிக் கணவரின் செலவைக் கூட்டாதீர்கள். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் விரித்தாலும் போதும். வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும்.

கேமராவில் ஐ.எஸ்.ஓ. 100, வேகம் வினாடியில் 125-ல் ஒரு பங்கு, துளை எப் 8 என்று வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் வெளுத்தால் லைட்டின் சக்தியைக் குறைக்க வேண்டும், இருண்டால் கூட்ட வேண்டும். வேகத்தை மட்டும் ரொம்ப ஏற்றக் கூடாது. பல கேமராக்களில் 200, 250-க்கு மேலே போனால் படத்தில் பாதி கறுத்துவிடும்.

அலங்காரம் நம் இலாகா! முகத்தில் எண்ணெய் மினுக்கினால் வெள்ளைத் திட்டாக விழும், துடைத்துவிடுங்கள். பவுடரை அப்பினால் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். திருஷ்டிப் பொட்டு தாராளமாக இருக்கட்டும், அழகாகவே விழும்.

இனி ஜாக்கிரதை. குடை வைத்த ஸ்டாண்டு தலை கனத்தது. தவழும் குழந்தை காலைப் பிடித்து இழுத்தால் அப்படியே சாயும். ஸ்டாண்டின் காலடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒயரைப் பாய்க்கு அடியில் விட்டு ஓரமாகக் கொண்டுபோங்கள். லைட்டின் மேல் துணியைப் போர்த்தாதீர்கள், சூட்டில் கருகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். கெட்டுப்போனால் வீட்டில் யாரும் திறந்து பார்க்கவே கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு பெண், குழந்தை குப்புற விழுந்த அன்று எடுத்த படத்தை என்னிடம் காட்டினாள். கேமராவிலேயே இருக்கும் சின்ன பிளாஷில் எடுத்தது. ஒரு கண் சிவப்பாக மின்னியது, மற்றது வெள்ளையாக. "என்ன சித்தி, ஒரு கண்ணு மட்டும் பூனைக்கண்ணு மாதிரி இருக்கே?" என்றாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான்தான், "அது லைட்டு கோளாறுடி, வேற படம் எடு" என்றேன்.

நாலு மாதம் கழித்துத் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் கண்டுபிடித்தார். அந்தக் கண்ணில் புரை. ஆபரேஷன் ஆயிற்று. அந்தக் கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக நல்ல கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடி மாதக்கணக்கில் பழக்கினார்கள். குழந்தை இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். பார்வை இருக்கிறது, ஆனால் மற்றக் கண்ணுக்குச் சமமாக இல்லை. அந்த நாலு மாதத்தை நான் மறக்கவில்லை.

பிளாஷ் லென்சுக்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குள்ளே இருக்கும் விழித்திரையில் பட்டுச் சிவப்பாகத் திரும்பி வரும். அது இயல்பு. ஒரு கண்ணிலாவது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால் அது புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் அபூர்வம்தான். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சீக்கிரம் பார்த்தால் உயிரையும், பல சமயம் கண்ணையும் காப்பாற்றிவிடலாம். சில வேளை குழந்தை பக்கவாட்டில் பார்ப்பதால் நல்ல கண்ணும் வெள்ளையாக விழுவதுண்டு. எது என்று சொல்ல வேண்டியவர் கண் டாக்டர். நீங்களும் இல்லை, நானும் இல்லை.

பக்கவாட்டில் நிற்கும் குடை லைட்டில் இது தெரியாது. ஆகவே அழகான படங்களை எடுத்து முடித்ததும், லைட்டைக் குறைத்துவிட்டு, கேமராவின் சொந்த பிளாஷிலேயே ஏழெட்டு அடி தள்ளி நின்று, குழந்தை நேராகப் பார்க்கும்போது ஒன்றிரண்டு படம் எடுங்கள். சிவப்புக் கண்ணைப் போக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால் சந்தோஷம். ஆனாலும் டாக்டர் செய்யும் கண் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கும்பகோணத்துச் சகோதரியே, இப்போது தீர்ப்பு. லைட்டு இருக்கட்டும். முதல் படத்தில் பாப்பா பாட்டியின் மடியில் உட்காரட்டும். சண்டையும் தீர்ந்தது, படமும் ஆயிற்று!