சைபர்பங்க் 2077: பழைய கன்சோலில் திணறியது ஏன்?

2020 டிசம்பர் 10-இல் வெளியான ‘சைபர்பங்க் 2077’ கேமை பிளேஸ்டேஷன் 4-இல் போட்டவர்கள் நொந்துபோனார்கள். காட்சிகள் திக்கின, கேம் பாதியில் நின்றது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பித் தந்தது.

என்ன காரணம்? பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-இல். அதில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். நகரத்துக்குள் வேகமாக கார் ஓட்டினால், அடுத்த தெருவின் கட்டடங்களை அது உடனுக்குடன் எடுத்துத் தர வேண்டும். முடியல. தெருக்கூட்டத்தைச் சமாளிக்க பிராசஸருக்கும் தெம்பில்லை.

அப்புறம் ஏன் விற்றார்கள்? அதற்குள் அந்த கன்சோல் 11 கோடிக்கு மேல் விற்றிருந்தது. அவ்வளவு பெரிய சந்தையை யார் விடுவார்? பழைய கன்சோலில் கேம் எப்படி ஓடும் என்பதை முன்கூட்டியே காட்டாததற்கு, தயாரிப்பாளரான சிடி புராஜெக்ட் பின்னர் மன்னிப்பு கேட்டது. 2023-இல் வந்த ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ விரிவாக்கத்தை பழைய கன்சோல்களுக்குத் தரவே இல்லை.

ஆகவே, உங்க கன்சோலில் ஓடும் வீடியோவைப் பார்த்துட்டு காசு கொடுங்க.