கணுக்களின் கணக்கு

திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கருகே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இரவு பகலாக இரும்பை உருக்கி வருகிறது. அங்கே கூலி பெறும் வாலிபர்களிடமும் இப்போது பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களின் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. “இது எந்த ராஜாங்கத்துக்கும் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டதன்று; இதன் கணுக்கள் உலகமெங்கும் பரவிக் கிடக்கின்றன; ஆகையால் இதை அழிக்க ஒருவராலும் ஆகாது” என்பது நாணயம் விற்போர் ஓதும் மந்திரம். பரவிக் கிடப்பதை எண்ணியவர் யார்? எவ்விதம் எண்ணினார்? இவ்விரண்டையும் விசாரியாமல் வியர்வை சிந்திச் சம்பாதித்த கூலியைக் கொடுப்பது விவேகமன்று என்பது நமது அபிப்பிராயம்.

கணு என்பது நோடு என வழங்கும் கம்ப்யூட்டரேயாகும். 2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியது முதல் நடந்துவரும் கொடுக்கல் வாங்கலை, முழுக்கணு ஒவ்வொன்றும் பிறர் சொல்லை நம்பாமல் தானே சரிபார்க்கிறது. இக்கணுக்களுக்குப் பதிவேடு கிடையாது. ஆகவே, எண்ணப் புகுவோர் தெரிந்த சில கணுக்களை அணுகி, “உமக்குத் தெரிந்த மற்றைய விலாசங்கள் எவை?” என்று கேட்கிறார்கள், கிடைத்த விலாசங்களுக்கெல்லாம் சென்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள். பிட்நோட்ஸ் என்னும் கணக்கு இம்முறையில் எடுக்கப்படுவதே. விலாசத்தைக் கொண்டு தேசத்தை ஊகித்து, உலகப் படத்தில் புள்ளி வைக்கிறார்கள்.

இம்முறை ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஒத்ததுதான். ஆனால் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் பகலில் கதவைத் தட்டுகிறவன், இரவு முறை முடித்து உறங்குகிறவனை எப்படி எண்ணுவான்? கதவு திறவாத வீட்டில் ஆள் இல்லையென்று எழுதிவிடலாமா? நம் நாட்டுக் கைப்பேசிக் கம்பெனிகள் பல வாடிக்கையாளருக்குச் சேர்த்து ஒரே பொது விலாசம் கொடுப்பது வழக்கம். வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே எட்டாது. அத்தகைய இணைப்பில் இயங்கும் கணு இந்தக் கணக்கில் ஏறாது. டோர் என்னும் மறைவு வழியில் ஒளிந்தவை வேறு. சமீப வருஷங்களில், எண்ணப்பட்ட பிட்காயின் கணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படி ஊர் தெரியாதவையே. ஒருவனே பல கணுக்களை நடத்துவதும் உண்டு.

ஊகம் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்குச் சீன தேசமே சாட்சி. 2021ல் அந்தச் சர்க்கார் பிட்காயின் சுரங்கத் தொழிலைத் தடை செய்தபின், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கு அங்கே பூஜ்யம் என்று கணக்கிட்டனர். செப்டம்பர்க் கணக்கிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பவும் சீனாவிலேயே தோன்றிற்று. இடத்தை மறைத்துத் தொழில் நடந்து வந்திருக்கலாம் என்பதே அவர்கள் கூறிய விளக்கம்.

எண்ணிக்கை சரியே என்று வைத்துக்கொண்டாலும், யாருடைய கூரையின் கீழ் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் கம்பெனி, தன் வாடகை இயந்திரங்களில் ஓடிய சோலானா கணுக்களைத் தடுத்தது. சுமார் ஆயிரம் கணுக்கள் ஒரேயடியாக அறுந்தன. வலையம் நின்றுவிடவில்லை என்பது மெய். எனினும், ஆயிரம் குடித்தனங்கள் ஒரே வீட்டுக்காரனுக்கு அடங்கியிருந்தால் அதற்குப் பரவல் என்று பெயராகுமா?

பரவலும் சாமானியனுக்குப் போதிய காவலன்று. 2024 ஜூலையில் நம் நாட்டு வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. உலகெங்குமுள்ள கணுக்கள் அக்களவையும் ஒழுங்காகப் பேரேட்டில் பதிந்துகொண்டன, தடுக்கவில்லை. தன் நாணயத்தின் சாவியைச் சந்தையிடம் ஒப்படைத்தவனுக்குக் காவலாயிருப்பது அந்தச் சந்தையொன்றே.

நாம் இவ்விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. பிறர் சொல்லை நம்பாமல் தானே சரிபார்ப்பது என்ற அதன் ஆதாரக் கொள்கை மெச்சத்தக்கது. பிட்காயின் முழுக்கணு நடத்தச் சாதாரணக் கம்ப்யூட்டரும், ஒரு டெராபைட் வட்டும், இடையறாத இணைப்பும் போதும். நம் எஞ்சினீரிங் கலாசாலைகள் இதைச் செய்து, எண்ணும் முறையையும் மாணவர்க்குக் கற்பித்து, கிடைத்த தொகையோடு அதன் பிழையையும் தமிழில் வெளியிடட்டும். உலகப் படத்தைக் காட்டி நாணயம் விற்க வருகிறவனிடம் நம் தொழிலாளர் மூன்று கேள்வி கேட்கட்டும்: எப்படி எண்ணினாய்? யார் வீட்டில் இருக்கிறது? என் சாவி யாரிடம்? இம்மூன்றுக்கும் நேரான விடை வரும்வரை கூலிப்பணம் மடியிலேயே இருக்கட்டும்.