சீட்டுதான் வந்தது, மருத்துவம் வரவில்லை

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த என் அம்மாவை, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு சீட்டு: இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், தினமும் பிசியோதெரபி, வாரம் ஒருமுறை கூட்டி வாருங்கள். எந்த ஊர் வீட்டை நினைத்து ஐயா இதை எழுதினீர்கள்? மலைமேல் இருக்கும் எங்கள் கொல்லைக்கு, அதாவது குக்கிராமத்துக்கு, ஒடுகத்தூர் வரைக்கும்தான் வண்டி. அதற்கு மேல் கொம்பில் போர்வை கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிப் போனோம். வாராவாரம் தூக்க ஆள் எங்கே? இளசுகள் எல்லாம் கூலிக்கு வெளியூர் போய்விட்டார்கள்.

அம்மாவின் இடுப்புக்குக் கீழே முதலில் சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. கடைசியில் எலும்பு தெரிந்தது. புண் கட்டத் தெரிந்த ஒரு நர்ஸ் ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா? திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, "மலைக்காரங்க, சுத்தம் கிடையாது, சொன்னா கேட்க மாட்டாங்க" என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து அம்மாவைத் துடைத்த என் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மலையாளிப் பழங்குடியாகப் பிறந்தது எங்கள் குற்றமா?

படுத்த படுக்கையானவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை என்று சொல்லித்தான் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ரோடு இல்லாத கொல்லையில் இருப்பவரும் மக்கள்தானே?

2023 மே மாதம், எங்கள் அணைக்கட்டு வட்டத்திலேயே, அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் உயிர் போயிற்று. ரோடு இல்லையென்று ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, பெற்றவள் பிணத்தைச் சுமந்து நடந்தாள். ஊர் உலகமே பதறியது. படுக்கையில் புழுத்துச் சாகிற கிழவிக்காக யார் பதறுவார்கள்?

வீட்டுக்கு அனுப்பும் முன் எந்தக் கொல்லை, யார் பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் பெண்களுக்கே புண் கட்டக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் போடுங்கள். அம்மா போய்விட்டாள், அவளுக்கு இனி எதுவும் வேண்டாம். பக்கத்துக் கொல்லையில் இன்னொரு பெரியவர் படுத்திருக்கிறார். அவருக்காவது வாருங்கள்.