நெளிவில்லாத சில்லு எல்லாம் நேரான சில்லு இல்லை

சுத்தும்போது ஆடவில்லை என்றால் அந்தச் சில்லு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் எங்கட ஆக்கள் பலர் நினைக்கிறார்கள். கம்பிச் சில்லு உள்ள மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் இந்த நினைப்பை விடவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொன்றியலில் பனி கரையும்போது மோட்டார் சைக்கிள்களும் றோட்டுக் குழிகளும் ஒன்றாகத்தான் வெளியில் வரும். தண்ணீர் தார் வெடிப்புக்குள் இறங்கி, உறைந்து விரிந்து, பிறகு கரைந்து றோட்டைக் கிளப்பிவிடும். இங்கத்தைப் பிரெஞ்சில் குழிக்கு 'நி து பூல்' என்று பெயர். கோழியின் கூடு என்று அர்த்தம். போன வசந்தத்தில் எங்கள் சமையலறையில் வேலை செய்யும் ஒரு தம்பியின் பழைய புல்லட் அப்படியொரு கூட்டுக்குள் இறங்கியது. பின் ரிம் வளைந்து கம்பிகளும் முறிந்தன.

இரண்டு இடத்தில் விலை கேட்டான். ஒருவர், வண்டியோடு கொண்டுவா, அளந்துதான் கட்டவேண்டும் என்று கூடுதலான கூலி சொன்னார். மற்றவர், சில்லைக் கழற்றிக்கொண்டுவா, ஒரு மணித்தியாலக் கூலி போதும் என்றார். தம்பி எந்தப் பக்கம் போனான் என்று நான் சொல்லத் தேவையில்லை. புது ரிம்மும் கம்பியும் வாங்க யோசிக்காமல் காசு கொடுத்தவன், கூலிக்குப் பேரம் பேசினான்.

சில்லு கட்டி வந்தது. "அண்ணை, சுத்தேக்கை ஒரு ஆட்டமும் இல்லை. ஆனா வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்றான்.

ஒரு கம்பிச் சில்லில் சரிபார்க்க வேண்டியது மூன்று விசயம். ரிம் மேலும் கீழும் துள்ளக்கூடாது. இடமும் வலமும் ஆடக்கூடாது. இந்த இரண்டுக்கும் ஹொண்டாவின் பல பராமரிப்புக் கையேடுகள் தரும் கடைசி எல்லை 2 மில்லிமீற்றர். இவற்றைச் சில்லைத் தனியே ஒரு தாங்கியில் மாட்டிச் சுத்தியே பார்த்துவிடலாம். மூன்றாவது, ரிம் வண்டியின் நடுக்கோட்டில் நிற்கவேண்டும். இதைச் சில்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்லமுடியாது.

காரணம் நடுக் குடம். அதன் ஒரு பக்கத்தில் பிரேக், மறுபக்கத்தில் செயின் பல்சக்கரம். அதனால் பல வண்டிகளில் குடத்தின் நடுவும் வண்டியின் நடுவும் ஒரே இடத்தில் வராது. ரிம்மை வேண்டுமென்றே சில மில்லிமீற்றர் ஒரு பக்கம் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். தெரியாதவர் அதைக் குடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஆட்டமில்லாமல் இறுக்கிக் கொடுத்துவிடுவார். சில்லு அழகாகச் சுத்தும். ஆனால் பின் ரயர் முன் ரயரின் தடத்தை விட்டு விலகி ஓடும்.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தை இல்லை. பழைய கம்பியில் கைவைக்க முதல், குடத்தின் பிரேக் பக்க முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து ரிம் விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதவேண்டும். கம்பிகள் ஒன்றையொன்று தாண்டுகிற ஒழுங்கைப் படம் எடுக்கவேண்டும். கட்டி முடிந்து வண்டியில் பூட்டிய பிறகு, பின் ரயரின் இரண்டு பக்கமும் நூல் பிடித்து முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். முன் ரயர் ஒடுக்கமானது என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரியவேண்டும். தம்பியின் வண்டியில் ஒரு பக்க நூல் ரயரைத் தொட்டது, மற்றப் பக்கம் விரல் போகும்.

ஒரு கம்பியை இறுக்கினால் அந்த இடம் மட்டும் சரியாகும் என்பதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் பாதியில் விட்டுவந்த பௌதிகத்தில் இது நினைவிருக்கிறது: மெல்லிய கம்பி தள்ளினால் வளையும், இழுத்தால் தாங்கும். எல்லாக் கம்பியின் இழுவையும் சேர்ந்துதான் ரிம்மைப் பிடித்திருக்கிறது. 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்துக் குறுக்கே கட்டும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். எஞ்சினின் முறுக்கும் பிரேக்கின் முறுக்கும் இன்றைக்கும் அந்தச் சாய்ந்த கம்பிகளுக்குள்ளால்தான் ரிம்முக்குப் போகின்றன. ரிம்மை இடப்பக்கம் நகர்த்த வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்தி, இடப்பக்கத்தை அரைச் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, திரும்ப அளந்து, திரும்ப இறுக்கவேண்டும். நிப்பிளுக்கு வெளியே நீட்டும் கம்பி நுனியை அராவாவிட்டால் ரியூப் ஓட்டையாகும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் எல்லாக் கம்பியையும் மீண்டும் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் இது நடக்காது.

1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, மற்றதெல்லாம் சைக்கிளில் ஓடியது. அப்போது நான் பள்ளிக்கூடப் பெடியன். எங்கள் ஒழுங்கைச் சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரர், முறிந்த சில்லுகளிலிருந்து கழற்றிய கம்பிகளை வைத்தே சில்லுக் கட்டுவார். தாங்கி கிடையாது, கவிழ்த்து வைத்த சைக்கிள்தான் தாங்கி. சுத்துகிற ரிம்முக்குப் பக்கத்தில் வெண்கட்டியைப் பிடிப்பார், கோடு விழுகிற இடம் நெளிவு. அது முடிந்ததும் பின்னால் போய்க் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சைக்கிளைத் தருவார். அந்தக் கைக்கு உரிய கூலியை யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கேயும் அதே பழக்கம்தான். பெட்டியில் வருகிற சாமானுக்கு விலை இருக்கிறது, அளக்கிற நேரத்துக்கு விலை இல்லை என்று நினைக்கிறோம். தம்பி கடைசியில் முதலாமவரிடமே போய் அவர் கேட்ட கூலியைக் கொடுத்தான். மொத்தத்தில் இரண்டு கூலி. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவனுக்கு அது மலிவு என்றுதான் சொல்வேன்.

ஆகவே சில்லைக் கொடுக்கும்போது எவ்வளவு என்று கேட்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். கழற்ற முதல் அளவு எடுப்பீர்களா? பூட்டிய பிறகு நூல் பிடிப்பீர்களா? ஓம் என்று சொல்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.