கடலில் கலக்கும் நீர் வீணா?

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்து ஆறுகளில் வெள்ளம் புரண்டுவிட்டால், நாளிதழ்களில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. சம்பா நட்டுவிட்டு முறைத்தண்ணீருக்குக் காத்துக் கிடந்த கடைமடை விவசாயி இதைச் சொல்லும்போது அதில் நியாயமான வேதனை உண்டு. ஆனால் செய்தியாளரும் மேடைப் பேச்சாளரும் நம் எழுத்தாளர்களும் அதே சொல்லை யோசனையின்றித் திருப்பிச் சொல்லும்போது, அந்த ‘வீண்’ யாருடைய கணக்கில் வீண் என்று கேட்கத் தோன்றுகிறது.

விடை தேட வேண்டிய இடம் கோடியக்கரை. டெல்டாவின் தென்கிழக்கு மூலையில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் கடலுக்குள் முனையாக நீண்டிருக்கும் ஊர். அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வரை சதுப்பு விரிந்து கிடக்கிறது. கோரையாறு, பாமணியாறு, அடப்பாறு என்று காவிரியின் கிளைகளும் வடிகால்களும் வயல்களைக் கடந்து இப்பகுதியில்தான் வந்து முடிகின்றன. 1967ல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழகத்தின் ஒரே ராம்சர் தலம் இதுவே. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் அப்பட்டியலில் சேர்ந்தது 2022ல்தான்.

சென்ற ஐப்பசியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு நாள் முழுவதும் அங்கே பறவை பார்த்தோம். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் சேறுதான். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்த பிறகே அந்தச் சேறு நகர்வது தெரிந்தது. ஈரத்தின் விளிம்பில் கொசு உள்ளான்கள் ஓயாமல் கொத்திக்கொண்டு ஓடின. முப்பது கிராம்கூட இராத இப்பறவை ஆர்க்டிக் துந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. சற்றே நீர் நின்ற இடத்தில் பவளக்காலிகள். இன்னும் ஆழத்தில், நீண்ட அலகைச் சேற்றில் செருகியபடி கருவால் மூக்கன்கள். எல்லாவற்றுக்கும் அப்பால் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து நீரை வடிகட்டிக்கொண்டிருந்தன.

அன்று நாங்கள் கற்றுக்கொண்டது இந்த ஆழக் கணக்கைத்தான். ஒவ்வொரு பறவைக்கும் அதன் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் ஏற்ற நீர்மட்டம் இருக்கிறது. நாலு விரற்கடை கூடினால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. குறைந்து உப்புப் பரிந்துவிட்டால் புழுவும் பூச்சியும் இல்லை. கோடையெல்லாம் உப்பேறிக் கிடக்கும் சதுப்பை மழையும் ஆற்றுவெள்ளமும் சேர்ந்து தணிக்கின்றன. அந்த உவர்நீரில்தான் புழுக்களும் சிறு இறால்களும் பெருகுகின்றன. வண்டலும் அந்த வெள்ளத்தோடுதான் வருகிறது. ‘வீணாகக் கலந்த’ நீர் இங்கே உணவாகிறது. சைபீரியப் பறவைக்கு மட்டுமன்று, முத்துப்பேட்டையில் இறாலும் மீனும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கும்தான்.

சாலிம் அலி இவ்விடத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகள் இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தனர். வந்திறங்கும் கரைப்பறவைகளின் எண்ணிக்கை முன்போல் இல்லை என்பதை அவர்களது பதிவுகளே காட்டுகின்றன. வேட்டை, உப்பளம், உலகின் பிற இடங்களில் அழிந்த ஈரநிலங்கள் என்று காரணங்கள் பல. நன்னீர் வரத்துக் குறைந்தது அவற்றில் ஒன்று. சரணாலயத்துக்கு வேலி போட அரசால் முடியும். அதற்குள் வந்துசேரும் நீரோ மேட்டூரிலும் கல்லணையிலும் தீர்மானமாகிறது.

இதில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லைக் காப்பது நம் வேலைதானே. கழியும் கானலும் நாரையும் நெய்தல் திணையின் கருப்பொருளாக நின்ற மொழி இது. அதே கோடிக்கரைச் சேறு, கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனை விழுங்கப் பார்க்கும் ஆபத்தாக மட்டுமே நம் நினைவில் தங்கியிருக்கிறது. அந்தச் சேற்றை அறிந்த பூங்குழலிதான் அவனைக் கரையேற்றினாள் என்பதை மறந்துவிடுகிறோம். மைய அரசின் தரிசுநில வரைபடத் தொகுதியிலோ சதுப்பு நிலமும் தரிசின் ஒரு வகையாகவே சேர்க்கப்பட்டது.

சேற்றில் கால் வைக்காமல் சோற்றில் கை வைக்க முடியாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் தஞ்சைக்காரர்கள். வயற்சேற்றின் அருமையை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றின் முடிவில் இருப்பதும் அதே வண்டல்தான் என்பதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமன்று. கடைமடை வயலுக்கு நீர் போய்ச் சேர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. அந்த வயலுக்கு அப்பாலும் ஒரு கடைமடை இருக்கிறது, அதற்கும் நீரில் பங்குண்டு என்பதே நாம் சொல்ல விரும்புவது. நீர்ப் பங்கீட்டைப் பற்றி எழுதுவோர் இனியேனும் அந்த ‘வீணாக’வை விட்டுவிட்டு எழுதட்டும்.