கிளைக்கதைகளுக்காக ஒரு வார்த்தை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

படக்கதை படிக்கும் பெண் பாடம் படிக்கமாட்டாள் என்பது பெரியவர்கள் பலருடைய தீர்ப்பு. அத்தீர்ப்பின்மேல் மேல்முறையீடு செய்வது என் நோக்கமன்று. பொதுத்தேர்வு முடிவு வந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறிய வழக்கு ஒன்று எங்கள் வகுப்பில் சில மாதங்களாக நடந்து வருகிறது. அதில் என் கட்சியை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஜப்பானியர் தங்கள் படக்கதைகளை 'மங்கா' என்று அழைக்கின்றனர். மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புத்தகத்தைக் கடைசி அட்டையிலிருந்து திறந்து, வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். நாங்கள் ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படித்துவரும் மங்காவின் பெயர் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி எழுதி வரைந்து, 2001 முதல் 2010 வரை மாத இதழில் தொடராக வந்து, 27 தொகுதிகளாக நிறைவுற்றது. இறந்துபோன தாயை இரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று, தங்கள் உடலையே இழக்கும் இரு சகோதரர்களின் கதை இது. இழந்ததை மீட்க அவர்கள் 'ஞானிகளின் கல்' ஒன்றைத் தேடிப் புறப்படுகிறார்கள். அந்தக் கல் மனித உயிர்களைக் கொண்டே செய்யப்படுகிறது என்று பிறகு தெரியவருகிறது.

எங்கள் வழக்கு பெருங்கதையைப் பற்றியதன்று. ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும் நான்கே கட்டங்களில் சிறு வேடிக்கைக் கதைகள் வரும். அத்தொகுதியில் மாண்டவர்கள் வானுலகம் ஏறிச்செல்லும் சிறு படமும் வரும். தொகுதிகளுக்கு வெளியே தனியாக எழுதப்பட்ட கிளைக்கதைகளும் உண்டு. "இவையெல்லாம் கறிவேப்பிலை, ஒதுக்கிவிட்டுக் கதையைப் படி" என்கிறது ஒரு கட்சி. கறிவேப்பிலையை ஒதுக்குவதே தவறு என்பது என் கட்சி.

மகாபாரதத்தில் நளன் கதை ஒரு கிளைக்கதைதானே? அதை ஒதுக்கியிருந்தால் புகழேந்திப் புலவரின் நளவெண்பா நமக்குக் கிடைத்திருக்குமா? எங்கள் தந்தையர் காலத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும், 1984 முதல் லயன் காமிக்ஸும் வெளிவந்தன. பெருங்கதை முடிந்தபின் வரும் துணுக்குப் படக்கதைகளுக்கும் வாசகர் கடிதங்களுக்கும் அவர்களும் காத்திருந்தவர்களே.

'பார்வையற்ற இரசவாதி' என்று ஒரு கிளைக்கதை உண்டு. தன் எசமானின் இறந்த மகள் ரோசலியை மீட்க முயன்ற இரசவாதி ஒருவர் கண்களை இழக்கிறார். முயற்சி தோற்றது, ஆனால் அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. அநாதைச் சிறுமி ஒருத்தியை வளர்ப்புப் பெண்ணாக அழைத்துவந்து, "இவளே ரோசலி" என்று அவரை நம்பவைக்கின்றனர். உண்மை அறிந்த சகோதரர்களும் வாய் திறவாமல் சென்றுவிடுகிறார்கள். இதைப் படித்த அன்று மதிய உணவு வேளை முழுவதும் எங்களுக்குள் வாக்குவாதம். எட்டாம் கட்டளையை மீறிய பொய் என்றாள் ஒருத்தி. கண்ணிழந்தவர் மனம் நோகாமல் காத்த பொய் பாவமாகுமா என்றாள் மற்றொருத்தி. என் கவலையோ அந்த அநாதைச் சிறுமியைப் பற்றியது. ஒருவர் நிம்மதியாக இருப்பதற்காக அவள் வேறொருத்தியின் பெயரில் வாழவேண்டியிருக்கிறது. அதற்கு அவள் கொடுக்கும் விலை என்ன? பெருங்கதையில் இக்கேள்விக்கு இடமிருந்திருக்காது; அங்கே நாயகர்கள் அவசரமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெருங்கதையும் வெறும் கற்பனையன்று. ஞானோபதேச வகுப்பில் நாம் ஒப்புவித்த தலையான பாவங்கள் ஏழும் — அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் — இதில் ஏழு பகைவர்களாக நடமாடுகின்றன. அதைவிட என்னை உலுக்கியது இஷ்வால் என்ற பாலைநில மக்களின் கதை. அரசாங்கமே அவர்களை அழிக்க ஆணையிடுகிறது. ஆசிரியை ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அத்தீவின் ஆதிக்குடிகள் ஐனு மக்கள். 1869-இல் அரசாங்கம் தீவுக்குப் புதுப்பெயரிட்டுக் குடியேற்றத்தைத் தொடங்கியபின் அவர்கள் நிலம் இழந்தனர். 2019-இல்தான் ஆதிக்குடிகள் என்று சட்டம் அவர்களை ஏற்றது. நிலம் பெற்ற குடியேறிகளின் வழிவந்தவர் தாமே என்பதை அரகாவா மறைக்கவில்லை. போர்க்களம் கண்ட முதியவர்களையும் நேரில் கேட்டறிந்தே போர்ப் பகுதிகளை எழுதினாராம்.

இங்கேதான் எங்கள் வழக்கு வள்ளூருக்கு வந்து சேர்ந்தது. "அந்தக் கல்லும் நம் ஊர் அனல் மின்சாரமும் ஒன்றுதான், வெளிச்சம் ஒருவருக்கு, விலை வேறொருவருக்கு" என்றாள் ஒரு தோழி. நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். எங்கள் ஊரில் மட்டும் 500 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. மின்சாரம் கம்பியேறித் தமிழகத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. சாம்பலுக்கு எங்கும் போக வழியில்லை. அது கொடியில் காயும் வெள்ளைத் தாவணியில் உட்காரும்; குழாய் கசிந்தால் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியில் சேறாகப் படியும்.

ஆயினும் தோழி சொன்னதை நான் முழுவதும் ஏற்கவில்லை. இஷ்வாலில் நடந்தது படுகொலை. அந்தச் சொல்லை நாம் எளிதில் கடன் வாங்கக்கூடாது. எங்கள் வகுப்பிலேயே ஒப்பந்தக் கூலியாக அங்கே வேலை செய்யும் அப்பாவின் சம்பளத்தில் சீருடை தைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அன்று ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸை மூடினாள். அவள் மௌனத்துக்கும் எங்கள் வாதத்தில் இடம் வேண்டும்.

ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்ற விதியோடு அந்த மங்கா தொடங்குகிறது. முடிவில் இளைய சகோதரன் அதற்கு வேறு கணக்குச் சொல்கிறான்: பத்துப் பெற்றால், தன்னுடையது ஒன்று சேர்த்துப் பதினொன்றாக அடுத்தவருக்குத் தருவதாம். நகரம் எங்களிடம் பெற்ற பத்துக்கு இன்னும் பத்தே வந்து சேரவில்லை. சென்னையின் வெளிச்சம் என்ற பெருங்கதையில் நாங்கள் கடைசிப் பக்கத்து நான்கு கட்டங்கள். பலர் அதற்குமுன்பே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் ஐவரும் ஒரு கிளைக்கதை வரையத் தொடங்கியிருக்கிறோம். ஒரு தோழியின் ஆயா கழியில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்தவர். "அப்பல்லாம் கைய வச்சா இறால் படும் கண்ணு, இப்ப சாம்பல்தான் படுது" என்றார். முதல் மூன்று கட்டங்களை முடித்துவிட்டோம். நான்காவதில் ஆயாவின் முகத்தை வரைய எங்களில் ஒருவருக்கும் இன்னும் கை வரவில்லை.