நீலத்திரைக்கு எப்போது விடுதலை?

ஒரு சின்னக் கணக்கு. பட்டுப்புடவை ஒன்று 18,000 ரூபாய். கல்யாணத்துக்கு இரண்டு எடுக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு?

36,000 என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். தமிழ்நாட்டில் பல கல்லூரி லேப்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் டர்போ சி++ சொல்லாது. 'இன்ட்' என்று அறிவித்துவிட்டு இந்தக் கூட்டலைப் போட்டால் மைனஸ் 29,536 என்று காட்டும். அதாவது கடைக்காரர் இரண்டு புடவையையும் கொடுத்து, கையில் 29,536 ரூபாயும் வைத்து அனுப்ப வேண்டும். இப்படி ஒரு கடையைக் கண்ணமங்கலத்தில் திறந்தால் வரிசை வேலூர் வரை நிற்கும்.

விஷயம் இதுதான். டர்போ சி++ என்பது டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள். அதில் ஒரு 'இன்ட்' இரண்டே பைட். 32,767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். அதே வரியை இன்றைய ஜிசிசி கம்பைலரில் போட்டால் நான்கு பைட். 214 கோடி வரை போகலாம். நிரல் ஒன்றுதான், விடை வேறு. கம்பைலரின் வயது மாறியதுதான் காரணம்.

பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு பட்டம் இருக்கிறது. காமர்ஸும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கிடைக்கும், பேங்க், ஐ.டி. இரண்டு பக்கமும் கதவு திறக்கும் என்று நம்பி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். கண்ணமங்கலத்தில் ஏறி ஆரணிக்கோ வேலூருக்கோ போகும் காலை பஸ்ஸில் பார்க்கலாம். அதில் பலருக்கு முதல் நிரல் எழுதும் இடமே காலேஜ் லேப்தான். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது நீலத்திரையும் மஞ்சள் எழுத்தும். உலகமே கைவிட்ட ஒரு பதிப்பு!

போர்லாண்ட் கம்பெனி டர்போ சி++ஐ வெளியிட்டது 1990இல். லேப்களில் இருக்கும் 3.0 பதிப்பும் 1990களின் தொடக்கத்துச் சரக்குதான். சி++ மொழிக்கு ஐ.எஸ்.ஓ. நிலையாக்கம் வந்ததோ 1998இல். அதாவது கல்லூரியில் கற்றுத்தரப்படும் சி++, சி++ என்று அதிகாரபூர்வமாக எதைச் சொல்வது என்று முடிவாவதற்கு முந்தையது. அதற்குப் பிறகு 2003, 2011, 2014, 2017, 2020, 2023 என்று வரிசையாகப் பதிப்புகள் வந்துவிட்டன. டர்போ 3.0இல் 'பூல்' என்ற வகையே கிடையாது. நேம்ஸ்பேஸ் கிடையாது. எக்ஸெப்ஷன் கிடையாது. இன்று சி++ எழுதுகிறவர்கள் தினமும் கையாளும் எஸ்.டி.எல். நூலகம் கிடையாது. கோப்புப் பெயரைக்கூட எட்டெழுத்துக்குள் சுருக்கி வைக்க வேண்டும்!

போர்லாண்டாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தன் நிரலாக்கக் கருவிகள் பிரிவை 2008இல் எம்பார்காடெரோவுக்கு விற்றது. மறு வருடமே மிச்சத்தை மைக்ரோ ஃபோகஸ் வாங்கிக்கொண்டது.

மாற்றம் திடீரென்று வந்தது என்றும் யாரும் சொல்ல முடியாது. 'ஐயோஸ்ட்ரீம் டாட் எச்' என்ற தலைப்புக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு நோட்டில் முதல் வரியாக எல்லோரும் எழுதுவது. 1998 நிலையாக்கத்தில் அது இடம்பெறவே இல்லை. 'டாட் எச்' இல்லாத 'ஐயோஸ்ட்ரீம்'தான் இருந்தது. ஆனாலும் கம்பைலர் செய்கிறவர்கள் பழைய நிரல்கள் உடனே உடைந்துபோகக் கூடாது என்று பழையதையும் கூடவே வைத்திருந்தார்கள். ஜிசிசி ஒவ்வொரு முறையும் 'இது பழசு, மாற்றிக்கொள்' என்று எச்சரித்தது. மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 2003 பதிப்பில் எடுத்துவிட்டது. ஜிசிசி 2008இல் 4.3 பதிப்பில் எடுத்தது. பத்து வருட அவகாசம்! ஒரு குழந்தை பிறந்து ஐந்தாம் வகுப்புக்கே போய்விடும்.

இவ்வளவு அவகாசத்தையும் தூங்கிக் கழித்துவிட்டு, 64 பிட் விண்டோஸ் வந்தபோது லேப்களில் ஒரே அலறல். டர்போ திறக்கவே மாட்டேன் என்கிறது! எப்படித் திறக்கும்? 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்டும் வசதியே கிடையாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு என்பதே இல்லை. அப்போதாவது மாறியிருக்கலாம். கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் கேம்களைப் புதிய கணினியில் விளையாட ஆசைப்பட்டவர்களுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள் அது. புதிய கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் டர்போவைப் போட்டு... தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

இனி அவர்கள் சொல்லும் சமாதானங்கள்.

"அடிப்படை எல்லாம் ஒன்றுதானே? லூப் எதில் எழுதினாலும் லூப்தான்." பாதி உண்மை. லூப் எப்படிச் சுற்றுகிறது என்று புரிந்துகொள்ள டர்போ போதும். ஆனால் அந்த லூப்பிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'ஃபார்' வரிக்குள் அறிவித்த ஐ என்ற மாறி, டர்போவில் லூப் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். நிலையாக்கப்படி லூப்போடு அதன் கதை முடிந்தது. டர்போவில் பழகியவர் லூப்புக்கு வெளியே ஐயைத் தேடுவார். ஜிசிசி 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று கைவிரிக்கும். 'வாய்ட் மெயின்' என்று எழுதினால் ஜி++ பிழை என்றே சொல்லிவிடும். திரையைத் துடைக்கும் 'க்ளர்ஸ்கர்', விசைக்காகக் காத்திருக்கும் 'கெட்ச்' இரண்டும் மொழியைச் சேர்ந்தவையே அல்ல. அவை போர்லாண்ட் தன் வசதிக்குச் சேர்த்துக்கொண்டவை. அடிப்படை என்ற பெயரில் மூன்று வருடம் மனப்பாடம் செய்ததில் கணிசமான பகுதி ஒரு கம்பெனியின் பழைய பழக்கவழக்கம்.

விலை எங்கே கொடுக்க வேண்டியிருக்கிறது? வேலைக்கான ஆன்லைன் தேர்வில். அங்கே கம்பைலரை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பக்கம் ஓடுவது புதிய ஜிசிசி. 'கோனியோ டாட் எச்' என்று முதல் வரியில் பார்த்ததுமே கம்பைல் பிழை. தர்க்கம் சரி, விடை சரி, மதிப்பெண் பூஜ்யம். எதிரே உட்கார்ந்து 'ஏம்ப்பா, அந்த வரியை எடுத்துவிடு' என்று சொல்ல ஆள் கிடையாது. சென்னையில் தனியாகக் கோச்சிங் போனவருக்கு இது முன்பே தெரியும். பஸ் பிடித்துப் போய்வருகிறவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நெசவை உதாரணம் சொல்லுங்கள், இன்னும் கைத்தறிதானே?" என்று சிலர் மடக்குவார்கள். சொல்லலாமே. ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறிகளில் ஜக்கார்டு பெட்டி உண்டு. அட்டையில் குத்திய துளைகள்தான் டிசைனை முடிவு செய்கின்றன. (1804இல் பிரான்சில் வந்த யோசனை. துளையட்டைக் கணினிகளுக்குப் பாட்டன்.) 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியாது. இது தெரியாத நெசவாளர் ஒருவரும் இல்லை. பாவு தீர்ந்தால் புதுப்பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள், பொறுமையான வேலை. அச்சே மாறினால் அதுவும் உதவாது, முதலிலிருந்து கோக்க வேண்டும். எதை ஒட்டிக்கொண்டு போகலாம், எதை அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். சில இடங்களில் அட்டையே போய் எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. எந்த வீட்டிலும் இல்லாத தறிக்கு அட்டை அடிக்கப் பிள்ளையைப் பழக்குகிற நெசவாளரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கடைத்தெருவைப் பாருங்கள். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. டாலி ஈஆர்பி 9இன் ஆறாவது ரிலீஸுக்கு மாறாமல் பழையதிலேயே காலம் தள்ளிய கடைக்காரர் என்ன பாடுபட்டிருப்பார்? மாறினார்கள். திட்டிக்கொண்டே மாறினார்கள், ஆனால் மாறினார்கள். பிறகு 2020இல் டாலி பிரைம் வந்தபோதும் அதே கதை. காரணம் எளிது. பழைய பதிப்பை வைத்திருந்தால் நஷ்டம் அவருக்கே. கல்லூரியில் பதிப்பை முடிவு செய்கிறவர் ஒருவர், நஷ்டத்தைச் சுமக்கிறவர் வேறொருவர். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தேய்மானக் கணக்கும் போட்டுவிடலாம். வருமான வரி விதிகளில் கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் 40 சதவீதம். 10,000 ரூபாய்க்கு வாங்கிய மென்பொருள் குறைந்துசெல் மதிப்பு முறையில் 18 வருடத்தில் ஒரு ரூபாய்க்கு வந்துவிடும். டர்போ முப்பதைத் தாண்டி ஓடுகிறது. சில்லறைகூடத் தேறாது.

"வாத்தியார் மேல் பழி போடுகிறீர்களா?" இல்லை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்து, கௌரவத்தையும் சம்பளத்தையும் சேர்த்தே குறைத்துக் கொடுக்கிற இடத்தில், அவர் தன் சொந்த நேரத்தில் லேப் மேனுவலைத் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்குப் புதியது தெரியாது என்பதும் பல சமயம் பொய். தெரியும். ஆனால் பிராக்டிகலுக்கு வருகிற எக்ஸ்டெர்னல் 'க்ளர்ஸ்கர் எங்கே?' என்று கேட்டு மார்க்கைக் குறைத்துவிட்டால்? மேனுவல் மாறாததால் எக்ஸ்டெர்னல் மாறுவதில்லை, எக்ஸ்டெர்னல் மாறாததால் மேனுவல் மாறுவதில்லை. பாடத்திட்டக் குழுவின் தாளில் 'சி++ நிரலாக்கம்' என்றுதான் இருக்கும். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்தக் காலி இடத்தில்தான் டர்போ குடியிருக்கிறது.

பள்ளிக்கூடமும் இந்த நோயில் கிடந்ததுதான். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் வருடக்கணக்காக ஸ்டார் ஆபீஸ் பாடம் இருந்தது. ஆரக்கிள் 2011இலேயே அதை நிறுத்திவிட்டது. இறந்துபோன மென்பொருளின் மெனுவில் எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று அதற்குப் பிறகும் பொதுத்தேர்வில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் பள்ளிக்கல்வித் துறை எழுந்துகொண்டது. 2018இல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகம் டெவ் சி++க்கு மாறியது. 2019இல் பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. ஆக, பள்ளியில் புதியதைப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து பழையதைக் கற்றுக்கொள்கிற அதிசயமும் நடக்கிறது!

அதற்காகப் புதுப்பதிப்பு வந்த மறுநாளே ஓடிப்போய் மாற வேண்டும் என்பதல்ல. அதுவும் ஒரு பைத்தியக்காரத்தனம். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2க்கு 2015இல் ஆதரவு முடியும் என்று சொல்லியிருந்தார்கள். உலகம் தயாராகவில்லை என்று தெரிந்ததும் 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். 7ஐ 2ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. இப்படி விடையே மாறுகிற இடங்களில் அவசரப்பட்டால் சம்பளப் பட்டியலே தப்பாகப் போகும். பத்து வருடத்துக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இரண்டு வருடம் பின்தங்கி நிற்பது ஜாக்கிரதை. முப்பது வருடம் பின்தங்கி நிற்பதற்கு அகராதியில் வேறு சொல்.

காசு இல்லை என்ற சமாதானமும் செல்லாது. ஜிசிசி இலவசம், கோட் பிளாக்ஸ் இலவசம். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அதில் ஜிசிசியை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். எத்தனை பேர் அந்தப் பக்கம் பூட் செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போகன் டுடோரியலில் சி, சி++ பாடங்கள் ஜிசிசியை வைத்தே, தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. கேரளப் பள்ளிகள் 2000களின் பிற்பகுதியிலேயே மொத்தமாக லினக்ஸுக்குப் போய்விட்டன.

சரி, மாற்ற எவ்வளவு வேலை? ரெக்கார்டில் வழக்கமாக வரும் பன்னிரண்டு, பதினைந்து நிரல்களைப் பாருங்கள். 'டாட் எச்'ஐ எடுக்க வேண்டும். நேம்ஸ்பேஸ் வரி ஒன்று சேர்க்க வேண்டும். 'வாய்ட்' இருந்த இடத்தில் 'இன்ட்'. 'க்ளர்ஸ்கர்', 'கெட்ச்' இரண்டையும் நீக்க வேண்டும். படம் வரைகிற ஒன்றிரண்டு நிரல்கள் முரண்டு பிடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டு வேறு கொடுக்கலாம். மேனுவலின் முதல் பக்கத்தில் கம்பைலரின் பெயரும் பதிப்பு எண்ணும் அச்சிட வேண்டும். எக்ஸ்டெர்னலுக்கும் அதே பக்கத்தை அனுப்ப வேண்டும். ஒரு மதியவேளை வேலை, நடுவில் டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்து. அடுத்த செமஸ்டர் பிராக்டிகலுக்குள் தாராளமாக முடியும்.